பள்ளி வாசலுக்கு அருகிலுள்ள டாஸ்மாக் கடையை இடம் மாற்றக் கோருவதும் தெருக் குடியை நிறுத்துவதும்: வட சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியின் பக்கவாட்டு வாசலில் தினமும் காலை எட்டேகால் மணிக்கு ஆயா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடிச் சில்லு பொறுக்குவார். துடைப்பத்துக்குப் பெரிய துண்டுகள்தாம் அகப்படும். மண்ணில் புதைந்த பொடிச் சில்லுகளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளில் பாதிப் பேர் ரப்பர் செருப்பில் வருகிறவர்கள். இதைப் பார்த்த பிறகுதான் கடையை இடம் மாற்றும்படி மனு எழுதத் தொடங்கினேன். முடிவு கிடைக்கப் பதினோரு மாதங்கள் ஆயின. அவற்றில் முதல் நான்கு மாதங்கள் முழுவதும், எதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாததால் வீணாயின. அந்த நான்கு மாதங்களை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் வாடகை வீட்டில் இருப்பவர்களும் தயங்க வேண்டியதில்லை. மனு கொடுக்கச் சொந்த வீடு தேவையில்லை.

1. ஒரே பிரச்சினையை இரண்டு கோப்புகளாகப் பிரியுங்கள்

கடை இருக்கும் இடம் ஒரு பிரச்சினை. கடையில் வாங்கிய குவார்ட்டரை மின்மாற்றி ஓரத்திலும் மூடிய கடைகளின் படிகளிலும் உட்கார்ந்து குடிப்பது இன்னொரு பிரச்சினை. நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். அரசுக்கு அவை வேறு வேறு. கடையின் இடத்தை முடிவு செய்வது மாவட்ட ஆட்சியரும் டாஸ்மாக் நிர்வாகமும். தெருவில் குடிப்பவர்களை அகற்றுவது காவல்துறை. தெருவிளக்கு, குப்பை, நடைபாதை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு.

என் முதல் மனுவில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருந்தேன். கடை பள்ளிக்கு அருகில் இருக்கிறது, பெண்கள் நடக்க முடியவில்லை, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று மூன்று பக்கங்கள். அதைக் கணினியில் பதிந்தவர் காவல்துறை என்ற தலைப்பில் பதிந்துவிட்டார். மனு காவல் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்தார். “ரோந்து தீவிரப்படுத்தப்பட்டுள்ளது” என்ற ஒற்றை வரியோடு மனு முடித்துவைக்கப்பட்டது. கடையின் இடத்தைப் பற்றிய கேள்வியை எவரும் தொடவே இல்லை. கூடுதல் விலைப் புகார் உண்மையாகவே இருந்தாலும் அதை இந்த மனுவில் சேர்க்காதீர்கள். அதைத் தனியாகக் கொடுங்கள்.

ஆகவே இரண்டு அட்டைக் கோப்புகள் வாங்குங்கள். ஒன்றின் மேல் ‘கடையின் இடம்’ என்றும் மற்றொன்றின் மேல் ‘தெருவில் குடிப்பது’ என்றும் எழுதுங்கள். ஒரு கோப்பின் காகிதம் மற்றதற்குள் போகக் கூடாது.

2. உங்கள் எல்லை எது என்று உறுதிசெய்யுங்கள்

கடையின் பெயர்ப்பலகையில் கடை எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத மனு மேசை மேசையாகச் சுற்றும். அடுத்து, கட்டடத்தின் கதவு எண், மாநகராட்சி வார்டு எண், மண்டலம், வருவாய் வட்டம், காவல் நிலையம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிவையுங்கள். வட சென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களில் ஒன்றில்தான் பெரும்பாலும் நீங்கள் இருப்பீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை மாநகராட்சியின் எல்லை வரை விரிந்ததால் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் சென்னை ஆட்சியரின் கீழ் வந்தன. காவல் எல்லை அப்படி அமையவில்லை. வடக்கு ஓரத்திலுள்ள சில காவல் நிலையங்கள் 2022-இல் உருவான ஆவடி ஆணையரகத்தைச் சேர்ந்தவை. டாஸ்மாக்கின் நிர்வாக மாவட்டங்களோ தனிப் பிரிப்பு. சென்னைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்ட மேலாளர்கள் உண்டு. எனவே வருவாய்க்கு ஓர் அலுவலகம், காவலுக்கு வேறொரு திசை, டாஸ்மாக்குக்கு மூன்றாவது இடம் என்று அமையலாம். உங்கள் கடை எண் எந்த மாவட்ட மேலாளரின் கீழ் வருகிறது என்பதைக் கடை மேற்பார்வையாளரிடமே மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார். எனக்குச் சொன்னார். அவர் நமக்கு எதிரியல்லர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரல்லர்.

3. விதி 8 என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு நாடாவை எடுங்கள்

தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை (கடைகள் மற்றும் மதுக்கூடங்கள்) விதிகள், 2003 என்பதுதான் உங்கள் ஆயுதம். அதில் 8-ஆவது விதி. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையம் அல்லது வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை அமைக்கக் கூடாது என்கிறது அந்த விதி. மற்ற பகுதிகளில்தான் 100 மீட்டர். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் “நூறு மீட்டர்” என்று உறுதியாகச் சொல்வார்கள். அது சென்னைக்குப் பொருந்தாது. 80 மீட்டரில் இருக்கும் கடையை எதிர்த்து இந்த விதியைக் காட்டினால் மனு அன்றே தள்ளுபடியாகும்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2016 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு உண்மைதான். ஆனால் 2017 ஜூலையில் வந்த விளக்கத்துக்குப் பிறகு, மாநகராட்சி எல்லைக்குள் அந்தத் தூரம் உங்களுக்குக் கைகொடுக்காது. ஜி.என்.டி. சாலையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ கடை இருக்கிறது என்பதை மட்டும் காரணமாக்காதீர்கள்.

விதி 8-க்கே இரண்டு விலக்குகள் உள்ளன. வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று திட்டமிடல் அமைப்பு வகைப்படுத்திய இடத்துக்கு 50 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது. கடை வந்த பிறகு பள்ளியோ கோயிலோ தோன்றியிருந்தாலும் கட்டுப்பாடு செல்லாது. இவ்விரண்டையும் அடுத்த படியில் பார்க்கலாம், முதலில் தூரம்.

கைபேசி வரைபடத்தில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு எடுக்கும் அளவு பறவை பறக்கும் தூரம். அதை நம்பாதீர்கள். எங்கள் விஷயத்தில் ஆய்வுக்கு வந்தவர்கள் கடை வாசலின் நடுவிலிருந்து, ஆள் வழக்கமாக நடக்கும் வழியிலேயே பள்ளி வாசல் வரை அளந்தார்கள். சாலை நடுவே தடுப்பு இருந்தால் அதன் மேல் நாடாவை இழுக்க மாட்டார்கள். இடைவெளி இருக்கும் இடம் வரை சுற்றிப்போவார்கள். நீங்களும் அப்படியே அளந்து பாருங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் 30 மீட்டர் நாடா போதும், வாடகைக்குக்கூடக் கிடைக்கும். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன், பதினொரு மணிவாக்கில், மூன்று பேராகப் போங்கள். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, ஒருவர் மறுமுனையைப் பிடிக்க, மூன்றாமவர் நாடாவின் எண் தெரியும்படி படம் எடுக்கட்டும். நாடா முடியும் ஒவ்வோர் இடத்திலும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அதையும் படம் எடுங்கள்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு வாசல்கள். பெயர்ப்பலகை இருக்கும் முன்வாசல் வரை 62 மீட்டர் வந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நுழையும் பக்கவாட்டு வாசல் வரை 44 மீட்டர். எல்லாமே இந்தப் பதினெட்டு மீட்டரில்தான் இருந்தது. முதல் மனுவைத் தொடர்ந்து, கடையின் இடத்துக்கென்று இரண்டு பக்கங்களில் தனியாக இன்னொரு மனு கொடுத்தேன். அதை ஏப்ரலில் கொடுத்ததால் மே மாதத்தில் ஆய்வுக்கு வந்தார்கள். கோடை விடுமுறையில் பக்கவாட்டு வாசல் பூட்டிக் கிடந்தது. முன்வாசல் வரை அளந்து, “50 மீட்டருக்கு மேல் உள்ளது” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளியைக் காரணம் காட்டுவதாக இருந்தால் மார்ச் முதல் மே வரை மனு கொடுக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்.

4. ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வாங்குங்கள்

டாஸ்மாக் மாவட்ட மேலாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்திலேயே ஒட்டிவிடலாம். முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.

“ஏன் அந்த இடத்தில் கடை வைத்தீர்கள்?” என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வரும். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். நான் கேட்டவை நான்கு. கடை எண் இன்னது, இந்தக் கதவு எண்ணில் செயல்படத் தொடங்கிய நாள் காட்டும் உத்தரவின் நகல். கடை அமைக்கும் முன் எடுத்த தூர அளவு அறிக்கை மற்றும் வரைபடத்தின் நகல். அக்கடையுடன் மதுக்கூட உரிமம் இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதி வரை என்பதைக் காட்டும் ஆவணம். கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடியும் நாள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடையை ஒட்டித் தகரக் கூரை போட்டு, நாற்காலி, தண்ணீர் எல்லாம் வைத்து ஓர் இடம் நடந்துகொண்டிருக்கும். உரிமம் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அந்த ஒரு வரிக்கே கொட்டகையைப் பிரிக்கும் வலிமை உண்டு. நான்காவது கேள்வியும் வீண்போகாது. இக்கடைகள் தனியார் கட்டடங்களில் வாடகைக்கு நடப்பவை. ஒப்பந்தம் முடிய மூன்று மாதங்கள் இருக்கையில், தெருவில் மதிப்புள்ள பெரியவர்கள் இரண்டு பேர் கட்டட உரிமையாளரைப் பார்த்துப் பேசினால் சில இடங்களில் அதிலேயே முடிந்துவிடுகிறது.

30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். எனக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் நகல்கள் வந்தன. அதற்கும் அசையாவிட்டால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே நீண்ட காலம் காத்திருக்க வேண்டும் என்பதால் மனுவை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள்.

நிலப் பயன்பாட்டுக்கு வருவோம். நம் தெருக்களில் பாதி வீடுகளின் கீழ்த்தளத்தில் கடை இருக்கிறது. அதைக் காட்டி “இது வணிகப் பகுதி, விதி பொருந்தாது” என்று வாய்மொழியாகச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தெருவில் கடைகள் நிறைந்திருப்பதால் மட்டும் அது வணிகப் பகுதி ஆகிவிடாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வகைகள் தனித்தனியாக உள்ளன. கடைகளும் வீடுகளும் கலந்த நம் தெருக்கள் பல கலப்புக் குடியிருப்பு வகையில் இருப்பவை. கடை இருக்கும் நிலத்தின் நகர அளவை எண்ணைக் கொண்டு குழுமத்தின் இணையதளத்தில் பாருங்கள். பிறகு அதே எண்ணைக் குறிப்பிட்டு வகைப்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அளவை எண் தெரியாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லி, நகர நில அளவைப் பதிவேட்டின் சாற்றை வாங்கலாம். உண்மையிலேயே வணிகப் பகுதியாகவோ தொழிற்பகுதியாகவோ இருந்தால் விதி 8-ஐ விட்டுவிட்டு நேராகப் படி 7-க்குப் போங்கள். நடக்காத ஒன்றுக்கு ஓராண்டு அலைவதில் பொருளில்லை.

5. மனுவோடு இணைக்க வேண்டியவை

பள்ளியாக இருந்தால், பள்ளி எந்த ஆண்டு முதல் அங்கே நடக்கிறது, எந்த வாசலை எந்த வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள் என்று தலைமையாசிரியர் கையொப்பத்துடன் ஒரு கடிதம் வேண்டும். அரசு ஊழியர் என்பதால் கடைக்கு எதிராக எழுதித்தர அவர் தயங்குவார். அது நியாயமான தயக்கம். கடையைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம், வாசலைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். கடையைப் பற்றிச் சொல்லப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் தலைவர் பெற்றோரில் ஒருவர். குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, தீர்மானப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தால், தனியொரு தாயின் புலம்பல் என்று யாரும் ஒதுக்க முடியாது. கோயில், மசூதி, தேவாலயமாக இருந்தால் பழமையையும் அங்கீகாரத்தையும் காட்டும் பதிவுச் சான்று தேவை. தெருமுனையில் அண்மையில் எழுந்த, எந்தப் பதிவும் இல்லாத சிறு சன்னதியை நம்பி மனுப் போடாதீர்கள்.

கையொப்பத் தாள்களில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் தாளில் கோரிக்கையை எழுதிவிட்டு, மற்ற தாள்களில் வெறும் பெயர்களை வாங்குகிறார்கள். அந்தத் தாள்கள் எதற்கான கையொப்பம் என்று கேள்வி வந்தால் பதில் இருக்காது. ஒவ்வொரு தாளின் தலையிலும் கடை எண்ணும் கோரிக்கையும் இரண்டு வரிகளில் இருக்கட்டும். பெயர், கதவு எண், கையொப்பம் ஆகிய மூன்றும் போதும். எண்ணிக்கைக்காகத் தொலைவிலிருப்பவர்களிடம் வாங்க வேண்டாம். அந்தத் தெருக்காரர்கள் நாற்பது பேரின் கையொப்பம், வெளித்தெருவார் நானூறு பேருடையதைவிட மேலானது.

6. மனு எழுதுவதும் கொடுப்பதும்

மனு ஒரே பக்கம். “கடையை மூட வேண்டும்” என்று எழுதினால் மதுவிற்பனை அரசின் கொள்கை முடிவு என்று பதில் எழுதிவிடுவார்கள். “கடை எண் இன்னது, விதி 8-க்கு மாறாகப் பள்ளியின் பக்கவாட்டு வாசலிலிருந்து 44 மீட்டரில் உள்ளது, எனவே விதிக்கு உட்பட்ட வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவிட வேண்டும், பள்ளி நடக்கும் வேலை நாளில், எங்கள் முன்னிலையில் அளக்க வேண்டும், முடிவைக் காரணங்களுடன் எழுத்தில் தர வேண்டும்” என்பதுதான் கோரிக்கை. உங்கள் மனவேதனையை எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

மனு மாவட்ட ஆட்சியருக்கு. நகல்கள் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும், எழும்பூர் காந்தி இர்வின் பாலச் சாலையிலுள்ள டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் மேலாண்மை இயக்குநருக்கும், சேப்பாக்கம் எழிலகத்தில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையருக்கும். ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள். மற்றவற்றை அஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபால் என்று கேட்டு, ஒப்புகையும் சேர்த்து வாங்குங்கள்.

ராஜாஜி சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டால் பகலுக்குள் வேலை முடியும். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும்போது இந்தக் கூட்டம் நடக்காது என்பதை நினைவில் வையுங்கள். மனுவைப் பதிந்ததும் ஒரு ரசீது தருவார்கள். அங்கிருந்து நகரும் முன் அந்த ரசீதில் எந்தத் துறை என்று அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். டாஸ்மாக் அல்லது மதுவிலக்கு என்று இல்லாமல் காவல்துறை என்று இருந்தால் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். நான் முதல் தடவை அதைப் படிக்காமல் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் இரண்டாம் ஆய்வு டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு நடந்தது. கடை எதிரே இஸ்திரி போடும் அண்ணன் கைபேசியில் கூப்பிட்டதால்தான் நான் போய்ச் சேர்ந்தேன். கடை முகப்பு தெரியும் இடத்தில் இருப்பவர்கள் இரண்டு பேரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். அளப்பவர்கள் முன்வாசலை நோக்கி நடந்தால், சண்டை போடாமல், தலைமையாசிரியரின் கடிதத்தையும் பிள்ளைகள் பக்கவாட்டு வாசலில் நுழையும் படத்தையும் கையில் கொடுத்து, “இதுவரைக்கும் ஒருமுறை அளந்துவிடுங்கள் சார்” என்று கேளுங்கள். அவர்கள் அளந்தார்கள். நாடாவில் 44 மீட்டர் 20 சென்டிமீட்டர். அந்த எண்ணை அவர்கள் எழுதும்போதே நீங்களும் உங்கள் நகலில் தேதி, நேரத்துடன் எழுதிக்கொள்ளுங்கள்.

7. இரண்டாவது கோப்பு: தெருவில் குடிப்பது

கடை மாறும்வரை காத்திருக்காமல் இதை உடனே தொடங்குங்கள். கடை மாறினாலும் பழகிய இடத்தில் கொஞ்சக் காலம் குடிப்பார்கள். எங்கள் மின்மாற்றி ஓரம் முழுவதும் ஓய ஆறு வாரங்களாயின.

“எப்போதும் குடிக்கிறார்கள்” என்று புகார் சொன்னால் காவல் நிலையத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள்: நாள், நேரம், எந்த இடம், ஏறத்தாழ எத்தனை பேர். எழுதிப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. நாள் முழுக்க என்று நாங்கள் நினைத்தது உண்மையில் இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரைதான். கடை இரவு 10 மணிக்கு மூடுவதால் கடைசி நேரத்தில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் அங்கேயே குடிக்கிறார்கள். இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரோந்து வேண்டும் என்று கேட்டபோது காவல் ஆய்வாளருக்கும் அது முடிகிற காரியமாகத் தெரிந்தது.

குறிப்பேட்டில் இன்னொன்றும் தெரியவரலாம். பகல் 12 மணிக்கு முன்பே கையில் பாட்டிலோடு ஆட்கள் இருந்தால், அது பெட்டிக்கடையிலோ வீட்டிலோ பிளாக்கில் விற்கும் சரக்கு. காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், திருவள்ளுவர் தினம் போன்ற விடுமுறை நாட்களில் பாட்டில் கிடைத்தாலும் அப்படியே. இது தெருவில் குடிப்பதைவிடப் பெரிய குற்றம். இதை உள்ளூர் நிலையத்தில் மட்டும் சொல்லாமல் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581-க்குச் சொல்லுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடையில் விற்பதைப் பார்த்தால் அதைக் கடை எண்ணோடு தனிப் புகாராக மாவட்ட மேலாளருக்கு எழுதுங்கள்.

காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்தால் மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது எண் இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நேரும். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது என்பது அவர்களுடைய வேலை. ஆனாலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவின்படி, போதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி நடப்பவருக்கு 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூகச் சேவை விதிக்கலாம். குடித்திருப்பது மட்டும் அந்தப் பிரிவுக்குப் போதாது. தொல்லை தரும் நடத்தை இருக்க வேண்டும். அதனால்தான் யாரையாவது வழிமறித்தார்களா, வசைபாடினார்களா என்பதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன். இவை தவிர 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும் உண்டு.

எங்களுக்கு உண்மையில் பலன் தந்தது மாநகராட்சிப் பக்கம். 1913-க்கு ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் சொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் தனிப் புகார் எண் வாங்குங்கள். மின்மாற்றி அருகே எரியாத தெருவிளக்குக்கு ஒன்று. இரண்டு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்த, டயர் இல்லாத வேனுக்கு ஒன்று. அதன் மறைவில்தான் உட்கார்ந்தார்கள். உடைந்த பாட்டிலை அள்ள ஒன்று. பிறகு பெட்டிக்கடை. குடிக்கிறவருக்குப் பாட்டில் மட்டும் போதாது, டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் வேண்டும். இரண்டுமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்கள். வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் இதை மட்டும் சொல்லுங்கள். குடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் தெருவில் அவர் ஒரு மாலையில் வந்து இரண்டு கடைகளிலிருந்து டம்ளர் கட்டுகளை எடுத்துப்போன பிறகு, மின்மாற்றி ஓரக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. விளக்கு எரிந்ததும், வேன் அகன்றதும், டம்ளர் கிடைக்காமல் போனதும் ஒரே மாதத்தில் நடந்தன. எனக்குக் காவல் ரோந்தைவிட இந்த மூன்றின் மேல் நம்பிக்கை அதிகம்.

சிலவற்றைச் செய்யாதீர்கள். குடிப்பவர்களின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். இடத்தைக் காலையில் படமெடுங்கள், சில்லும் டம்ளரும் போதும். இரவில் தனியாகப் போய்த் தட்டிக்கேட்காதீர்கள். கைகலப்பு என்றால் 100 அல்லது 112. சாலை மறியலில் இறங்கினால் வழக்கு உங்கள் மேல் விழும். பிள்ளைகளைச் சீருடையோடு கொண்டுபோய் நிறுத்தவே கூடாது.

அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்கள். மதுக்கூடத்துக்குள் போனால் சைட் டிஷ் வாங்காமல் உட்கார விடமாட்டார்கள் என்பதால் தெருவில் நிற்கிறவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தனியாக வந்து கேட்டபோது இரண்டு வழிகளைச் சொன்னேன்: ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

8. பதில் வராவிட்டால், அல்லது தவறான பதில் வந்தால்

மனு கொடுத்து 30 நாட்கள் கழித்து, பழைய ரசீது எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் அங்கே பதிந்ததும் அதே கீழ் அலுவலகத்துக்குத்தான் வரும் என்பதால், அதை மாற்று வழியாக எண்ணாமல் கூடுதல் தள்ளலாக மட்டும் எண்ணுங்கள்.

எழுத்தில் மறுப்பு வந்தாலோ, மாதக்கணக்கில் பதிலே இல்லாவிட்டாலோ சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடும்படி கேட்பது எளிய வடிவம். செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறச் சட்டம் வழிசெய்கிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். உங்கள் குழுவில் ஒரு பெண்ணின் பெயரில் மனு இருந்தால் இந்த வழி திறந்திருக்கும். எங்களுக்கு இது தேவைப்படவில்லை; சட்ட உதவி விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து வைத்திருந்த வாரத்தில் உத்தரவு வந்தது.

9. காலமும் செலவும்

ஏப்ரலில் தொடங்கிய முதல் சுற்று தள்ளுபடியில் முடிந்தது. ஆகஸ்டில் தகவல் உரிமை விண்ணப்பம், அக்டோபரில் நகல்கள், நவம்பரில் சரியான மனு, டிசம்பரில் ஆய்வு, பிப்ரவரியில் உத்தரவு, மார்ச்சில் கடை மாறியது. ஆவணங்களோடு தொடங்கியிருந்தால் ஆகஸ்டிலிருந்து மார்ச் வரையிலான காலம் மட்டுமே ஆகியிருக்கும். செலவு, தகவல் உரிமைக் கட்டணம், நகல், படம் அச்சிடல், தபால், ரயில் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள். கையூட்டு என்று ஒரு ரூபாயும் யாரிடமும் கொடுக்கவில்லை. “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்று இடையில் ஒருவர் ஐயாயிரம் கேட்டார். உங்களிடமும் யாராவது வருவார்கள். இந்த வழிமுறையில் பணம் கட்ட வேண்டிய இடம் தகவல் உரிமை விண்ணப்பமும் நகல்களும் தபாலும் மட்டுமே.

10. கடை மாறிய பிறகு

மாற்ற உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடம் காலியானதும் வாடகைக்கு விடப்படும். ஆண்டுகள் கழித்து வேறு எண்ணில் வேறு கடை அங்கேயே வரக்கூடும். அப்போது பக்கவாட்டு வாசல் வரை அதிகாரிகளே அளந்த 44 மீட்டர் 20 சென்டிமீட்டர் என்ற அளவு அறிக்கை கையில் இருந்தால் முதல் வாரத்திலேயே ஆட்சேபணை கொடுத்துவிடலாம். நான் இரண்டு கோப்புகளையும் முழுமையாக நகலெடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டோடு சேர்த்துக் கட்டி, பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறேன். என் மகள் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போகிறாள். குழுவின் புதிய தலைவருக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டேன்.